1600 வாக்கில் ஐரோப்பியர் உடுத்தியவை: பழைய பெயர்களும் பொருட்களும்

தறிமேடை

எங்கள் கல்லூரி நாடகக் குழு அடுத்த பருவத்தில் ஒரு நாடகம் போடுகிறது. கதை 1600 வாக்கிலான லண்டனில் நடக்கிறது. உடைப் பொறுப்பு என் தலையில். அந்தக் கால ஓவியங்களைப் பார்க்கப் பார்க்கக் கேள்விதான் கூடுகிறது. கழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒன்று விறைத்துக்கொண்டு நிற்கிறதே, அது எப்படி நிற்கிறது, உள்ளே கம்பியா? பாவாடை ஏன் இடுப்பிலிருந்து மேசை போட்டதுபோல விரிகிறது? அந்தக் காலத்து உடைப் பட்டியல்களில் ரஃப், ஃபார்திங்கேல், பாமண்டர், விசர்ட், சொப்பீன் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன, எது கழுத்துக்கு எது காலுக்கு என்றே சட்டெனப் பிடிபடவில்லை.

குழுவில் சிலர் வாடகைக் கடையில் கிடைக்கும் நைலான் வலைப் பட்டையே போதும் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இதையெல்லாம் யார் தைத்தார்கள், யார் துவைத்தார்கள், எப்படிப் போட்டுக்கொண்டார்கள் என்று தெரிந்தால்தான் நடிப்பவர் எப்படி நிற்க வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்பதே விளங்கும். தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

நூலாம்படை

ரஃப்பிலிருந்தே தொடங்குகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த பொருள் அது. முதலில், உள்ளே கம்பி இல்லை. அது முழுக்க முழுக்கத் துணியும் கஞ்சியும். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் உள்சட்டையின் கழுத்தை நாடா வைத்துச் சுருக்குவார்கள், அப்போது மேலே ஒரு சின்னச் சுருக்கு ஓரம் எட்டிப் பார்க்கும். அந்த ஓரம்தான் வளர்ந்து வளர்ந்து, சட்டையிலிருந்து தனியாகப் பிரிந்து, கழுத்தில் கட்டும் தனிப் பொருளாகிவிட்டது. பல மீட்டர் நீளமுள்ள மெல்லிய லினன் துணியை நுணுக்கமாகக் கொசுவி ஒரு குறுகிய கழுத்துப் பட்டியில் தைத்துவிடுவார்கள். புடவைக் கொசுவத்தை நூறு மடங்கு நுணுக்கினால் எப்படியோ அப்படி.

இப்போது முக்கியமான விஷயம். தைத்து முடித்த ரஃப் வெறும் தொளதொளத் துணிதான். அதைத் துவைத்து, கஞ்சியில் முக்கி, பாதி உலர்ந்ததும் சூடேற்றிய குச்சியை ஒவ்வொரு மடிப்பிலும் விட்டு, 8 என்ற எண்ணைப் படுக்கப் போட்ட மாதிரி வளைத்து வளைத்து நிறுத்த வேண்டும். முதலில் மரக்குச்சியும் எலும்புக் குச்சியும் இருந்தன, பிறகு எஃகுக் குச்சி வந்தது. ஆங்கிலத்தில் அதற்குப் போக்கிங் ஸ்டிக் என்று பெயர். வளைவுகள் கலையாமல் இருக்கக் குண்டூசிகள். பெரிய ரஃப் என்றால் அடியில் தாங்குவதற்குச் சப்போர்ட்டாஸ் என்றொரு சட்டம் வைப்பார்கள், நீங்கள் கேட்ட கம்பி இருந்தால் அங்கேதான் இருக்கும். அடுத்த முறை துவைத்தால் எல்லாம் கலைந்துவிடும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். மழையில் மாட்டினால் அப்படியே தொங்கிப்போகும். 1583இல் பிலிப் ஸ்டப்ஸ் என்ற ஒழுக்கவாதி இதையெல்லாம் திட்டி ஒரு புத்தகமே எழுதினார், அதில் கஞ்சியைச் சாத்தானின் திரவம் என்கிறார்.

இந்த வித்தை இங்கிலாந்துக்கு யாரால் வந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. டிங்கன் வான் டென் பிளாஸ் என்ற பெண், ஃபிளாண்டர்ஸிலிருந்து கணவருடன் அகதியாக லண்டனுக்கு வந்தவர், 1564இல் கஞ்சி போடும் தொழிலைத் தொடங்கினார். பெரிய வீட்டுப் பெண்கள் தங்கள் மகள்களையும் உறவுப் பெண்களையும் அவரிடம் அனுப்பிக் கற்கவைத்தார்கள். கற்றுக்கொடுக்க 4, 5 பவுண்டு வாங்கினாராம், கஞ்சி காய்ச்சும் பக்குவத்துக்கு மட்டும் தனியாக 20 ஷில்லிங். எலிசபெத் அரசிக்கு முதலில் கஞ்சி போட்டவரும் ஒரு டச்சுப் பெண்தான், அரசியின் வண்டியோட்டி கில்லியம் பூனனின் மனைவி. அவர் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை, கணவர் பெயர்தான் இருக்கிறது.

நாடகத்துக்கு ஒரே ஒரு உடை உண்மையாகச் செய்ய முடியும் என்றால் ரஃப்பைச் செய்யுங்கள். நைலான் வலை தோளில் படுத்துவிடும், அதைப் போட்டவர் தலையைத் தாழ்த்தலாம். கஞ்சி போட்ட ரஃப் தாடையைத் தூக்கிப் பிடிக்கும். அந்த ஓவியங்களில் எல்லோரும் ஏன் அப்படி நிமிர்ந்து நிற்கிறார்கள் என்பதற்கு அதுதான் பதில்.

கரிசல்காடு

அருமையான விளக்கம். ஆனால் ஒன்று உறுத்துகிறது. கஞ்சி எதில் காய்ச்சினார்கள்? கோதுமையிலா? ஊரில் ஒருவன் ரொட்டிக்கு அலையும்போது இன்னொருவன் அந்த மாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு திரிந்திருக்கிறான் என்றால் அதை அழகு என்று பேச எனக்கு வாய் வரவில்லை.

நூலாம்படை

கரிசல் அண்ணே, கோதுமைதான். உங்கள் கேள்வியை அந்தக் காலத்திலேயே கேட்டிருக்கிறார்கள். 1594 முதல் 1597 வரை இங்கிலாந்தில் தொடர்ந்து விளைச்சல் பொய்த்தது, பல இடங்களில் பட்டினி. கஞ்சிமாவு செய்யத் தானியம் வீணாகிறது என்று அரசவையிலேயே எதிர்ப்பு இருந்தது. இன்னொரு பக்கம் அதே அரசுதான் கஞ்சிமாவு செய்து விற்கும் தனியுரிமையைத் தனக்கு வேண்டியவர்களுக்குக் கொடுத்து வைத்திருந்தது. 1601 நாடாளுமன்றத்தில் இந்த மாதிரித் தனியுரிமைகளின் பட்டியலை வாசித்தார்கள். உலர்திராட்சை, சீட்டுக்கட்டு, கஞ்சிமாவு என்று நீண்டுகொண்டே போக, வில்லியம் ஹேக்வில் என்ற உறுப்பினர் எழுந்து, ‘இதில் ரொட்டி இல்லையா?’ என்று கேட்டார். இப்படியே விட்டால் அடுத்த நாடாளுமன்றத்துக்குள் அதுவும் வந்துவிடும் என்றார்.

அதனால் அழகு என்று மட்டும் நான் பேசவில்லை. அந்த வெள்ளை வளையத்துக்குள் வயலும் வரியும் அகதிப் பெண்ணின் கைவேலையும் சேர்ந்தே இருக்கின்றன. ஓவியத்தில் போட்டுக்கொண்டவர் மட்டும்தான் தெரிகிறார், அதுதான் எனக்குக் குறை.

பனங்கூடல்

லினன் பற்றி ஒரு வார்த்தை. அது ஆளிச் செடியின் நார். நெய்து வரும்போது பழுப்பாகத்தான் இருக்கும். வெள்ளையாக்குவதற்கு ஹாலந்தில் ஹார்லெம் ஊரைச் சுற்றிய மணல்மேட்டுப் புல்வெளிகளில் பல மாதம் விரித்துப் போடுவார்கள். சாம்பல் காரநீரில் ஊறவைப்பது, புளித்த மோரில் ஊறவைப்பது, அலசுவது, வெயிலில் விரித்துத் தண்ணீர் தெளிப்பது, இப்படித் திரும்பத் திரும்ப. ரைஸ்டால் வரைந்த ஹார்லெம் நிலக்காட்சிகளில் தூரத்தில் வெள்ளை வெள்ளைப் பட்டைகளாகத் தெரிவது இந்தத் துணிகள்தான். மெல்லிய லினனுக்கு ஹாலந்து என்றே பெயர் நின்றது. கேம்பிரிக் என்பது கம்ப்ரே என்ற ஊரின் பெயர்.

நான் யாழ்ப்பாணம். 1619இலிருந்து 1658 வரை எங்கட ஊரைப் போர்த்துக்கேயர் ஆண்டார்கள், அதாவது தறிமேடை கேட்கிற உடைகள் எல்லாம் நடப்பில் இருந்த அதே காலம். அதனால் அந்த உடைச் சொற்கள் சில எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. சட்டை ஓரத்துப் பின்னலை ரேந்தை என்போம், அது ரெண்டா. காலில் போடுவது சப்பாத்து, அது சப்பாத்தோ. கைக்குட்டைக்கு லேஞ்சி, அது லென்சோ. பொத்தான் உங்கள் பக்கம் தங்கிவிட்டது, அதுவும் போர்த்துக்கேயம்தான், நாங்கள் தெறி என்போம். என் அம்மம்மா ரேந்தை பின்னுவா, அது வெளியிலிருந்து வந்த சொல் என்று சொன்னால் நம்பவே மாட்டா.

மஞ்சணத்தி

பாவாடை விஷயம் நான் சொல்கிறேன். ஃபார்திங்கேல் என்பது ஸ்பானிய வெர்துகாதோ என்ற சொல்லின் சிதைவு. வெர்துகோ என்றால் பச்சை மிலாறு, வளைக்கக்கூடிய இளங்குச்சி. பாவாடையில் வரிசையாகக் குழல் தைத்து அதற்குள் குச்சியையோ நாணலையோ கயிற்றையோ விட்டு வளையமாக நிறுத்துவது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காஸ்டிலின் அரசி ஜோவானா இதை முதலில் உடுத்தினார், கர்ப்பத்தை மறைக்கத்தான் உடுத்தினார் என்று ஊர் பேசியது. இங்கிலாந்தில் 1545ஆம் ஆண்டு அரண்மனைக் கணக்கில் இளவரசி எலிசபெத்துக்கு ஒன்று தைத்த பதிவு இருக்கிறது.

ஸ்பானிய வடிவம் கூம்பு. நீங்கள் மேசை என்றது அதற்குப் பின்னால் வந்த பிரெஞ்சு வடிவம், இடுப்பிலேயே வட்டமாக விரிந்து பிறகு நேராக இறங்கும். வசதி குறைந்தவர்கள் பஞ்சோ துணியோ அடைத்த தடித்த சுருளை இடுப்பில் கட்டிக்கொண்டு அதே தோற்றத்தைக் கொண்டுவந்தார்கள். உங்கள் நாடகத்தில் வணிகர் வீட்டுப் பெண்களுக்கு இந்தச் சுருளே போதும், பழைய துணியில் ஒரு நாளில் தைத்துவிடலாம்.

விறைப்புக்குத் திமிங்கிலமும் வந்தது. ‘திமிங்கில எலும்பு’ என்று பெயரே ஒழிய அது எலும்பு இல்லை, திமிங்கிலத்தின் மேல்தாடையில் சீப்புப்போலத் தொங்கும் தகடு, நம் நகம் எதனாலானதோ அதே பொருள். சூடேற்றினால் வளையும், ஆறினால் வளைந்தபடியே நிற்கும். பாஸ்க் மீனவர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே லாப்ரடார் கரை வரைக்கும் போய்த் திமிங்கிலம் வேட்டையாடினார்கள். 1610களில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வட துருவத்துக்கு அருகே ஸ்பிட்ஸ்பெர்கனில் இறங்கிவிட்டார்கள். எண்ணெய்க்காகத்தான் பெரும்பாலும் கொன்றார்கள், தகடு உடைக்கும் போனது.

ஸ்பெயினில் கதை இன்னும் நீண்டது. 1630களில் குவார்தஇன்ஃபாந்தே என்ற அகலப் பாவாடை வந்தது, பெயருக்கே குழந்தையைக் காப்பது என்று பொருள், அதாவது மறுபடியும் அதே கர்ப்பப் பேச்சு. 1639இல் நான்காம் பிலிப் அதைத் தடை செய்தார். உரிமம் பெற்ற விலைமாதர் மட்டும் உடுத்தலாம் என்று விலக்கு வேறு, மற்றவர்கள் கூசி விட்டுவிடுவார்கள் என்று கணக்கு. யாரும் விடவில்லை. 1656இல் வெலாஸ்கெஸ் வரைந்த அரண்மனைக் காட்சியில் நடுவே நிற்பது அதே அரசரின் மகள் மார்கரீத்தா. அந்தச் சின்னப் பெண்ணின் பாவாடையைப் பாருங்கள், தடை என்ன ஆனது என்று தெரியும்.

கரிசல்காடு

இந்தத் தடைச் சட்டங்களைப் பற்றி யாராவது எழுதுங்களேன். நம் பக்கம் யார் தோளில் துண்டு போடலாம், யார் காலில் செருப்பு போடலாம் என்று அடித்த ஊரில் பிறந்தவனுக்கு இது வெறும் ஆடை வரலாறு இல்லை.

நூலாம்படை

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். ஐரோப்பா முழுக்கவே இருந்தது. இங்கிலாந்தில் 1559, 1562, 1574 என்று அறிவிப்பு மேல் அறிவிப்பு. இன்னின்ன தகுதிக்குக் கீழே இருப்பவர்கள் வெல்வெட் போடக்கூடாது, பொன்சரிகைத் துணி போடக்கூடாது, ஊதாப் பட்டு அரச குடும்பத்துக்கு மட்டும். 1580இல் நடந்ததை அந்தக் கால வரலாற்றாசிரியர் ஜான் ஸ்டோ எழுதி வைத்திருக்கிறார்: அளவு மீறிய ரஃப்பை வெட்டவும், நீளம் மீறிய வாளின் முனையை முறிக்கவும் நகர வாயில்களில் ஆட்களை நிறுத்தினார்களாம்.

வெனிஸில் இதற்கென்றே ஒரு நீதிபதிக் குழு. நகை, துணி, விருந்து எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு வைப்பதுதான் அதன் வேலை. ஸ்பெயினில் 1623இல் ரஃப்பையே தூக்கிவிட்டு, அட்டையில் துணி ஒட்டிய கோலில்யா என்ற எளிய கழுத்துப்பட்டையை அரசர் கொண்டுவந்தார். அதே ஆண்டு இங்கிலாந்து இளவரசர் சார்லஸ் பெண் கேட்டு மாட்ரிட் வந்து இறங்கினார். விருந்தாளி முன்னால் எளிமையாக நிற்க முடியாதென்று சிக்கனச் சட்டங்களை நிறுத்தி வைத்தார்கள்.

ஒரே சட்டத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்றால் ஜனங்கள் அதை மதிக்கவில்லை என்றுதான் பொருள். வேலைக்காரியின் தலையில் பட்டு நாடா இருந்ததால்தான் பட்டு நாடாவுக்குத் தடை வந்தது. இங்கிலாந்து இந்தச் சட்டங்களை 1604இல் மொத்தமாகக் கைவிட்டது.

மஞ்சணத்தி

உங்கள் கடைசிப் பத்தியோடு பாதிதான் ஒத்துப்போவேன். மீறினார்கள், சரி. ஆனால் மீற முடிந்தவர்கள் யார்? காசு சேர்ந்த வணிகர். அவர்கள் பிரபுபோலத் தெரியக்கூடாது என்பதுதான் அந்தச் சட்டங்களின் முக்கியமான கவலை. ரஃப்புக்குக் கஞ்சி காய்ச்சிய பெண் எந்தச் சட்டத்தையும் மீறும் நிலையில் இல்லை, கொதிக்கிற சட்டிக்கும் ஈரத் துணிக்கும் நடுவில் அவள் கை வெந்துகொண்டிருந்தது. கரிசல் அண்ணன் சொன்ன தோள்துண்டுக்கும் வெனிஸ் வணிகனின் வெல்வெட்டுக்கும் ஒரே தராசு வேண்டாம். அங்கே அபராதம், இங்கே அடி.

கரிசல்காடு

மஞ்சணத்தி சொன்னதை அப்படியே ஏற்கிறேன்.

ஆழித்தேர்

சொப்பீன் பற்றி யாரும் தொடவில்லையே. அது காலணி, இன்னும் சரியாகச் சொன்னால் காலணிக்குக் கீழே ஒரு பீடம். மரத்திலோ தக்கையிலோ செய்து மேலே தோலோ வெல்வெட்டோ போர்த்தியிருக்கும். வெனிஸில் அரை மீட்டர் உயரம் வரை போனது, அங்குள்ள கொரேர் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். 1608இல் வெனிஸுக்குப் போன ஆங்கிலப் பயணி தாமஸ் கோரியட், குலம் உயர உயர இதன் உயரமும் கூடும் என்றும், போட்டவர்கள் பக்கத்தில் ஆள் பிடித்துக்கொள்ளாமல் நடக்க முடியாது என்றும் எழுதுகிறார். பாலத்துப் படியில் ஒரு பெண் விழுவதையும் கண்ணால் பார்த்திருக்கிறார்.

உயரம் கூடினால் பாவாடை நீள வேண்டும், பாவாடை நீண்டால் துணி கூடும், வெனிஸ் விற்றதே துணிதான். என் கணிப்பில் இதில் பாதி வியாபாரம்.

லண்டன் நாடகத்துக்கு இது தேவையில்லை. மேடையில் யாராவது விழுந்து காலை உடைத்துக்கொள்ளப் போகிறார்கள், விட்டுவிடுங்கள்.

தறிமேடை

எல்லோருக்கும் நன்றி, அள்ளித் தருகிறீர்கள். விசர்ட்? ஒரு பாத்திரம் முகமூடியோடு குதிரையில் வருவதாக எழுதியிருக்கிறது. கொள்ளைக்காரன் மாதிரி கண்ணை மட்டும் மறைக்கும் பட்டையா?

மஞ்சணத்தி

இல்லவே இல்லை, இதைக் கட்டாயம் சரியாகச் செய்யுங்கள், ஏனென்றால் பார்க்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும்.

2010இல் இங்கிலாந்தில் டாவென்ட்ரி என்ற ஊருக்குப் பக்கத்தில் 16ஆம் நூற்றாண்டுக் கல்வீடு ஒன்றைப் பழுது பார்த்தார்கள். உள்சுவருக்குள் ஏதோ கறுப்பாக மடித்துச் செருகியிருந்தது. பிரித்தால் முகமூடி. நீள்வட்டம், உயரம் 195 மில்லிமீட்டர், அகலம் 170. வெளியே கறுப்பு வெல்வெட், உள்ளே பட்டு, நடுவில் அழுத்திய காகித அட்டை. கண்ணுக்கு இரண்டு துளை, வாய்க்கு ஒரு சின்னத் துளை, மூக்கை மட்டும் முன்னே தள்ளி விறைப்பாகச் செய்திருக்கிறார்கள். தலையில் கட்ட நாடாவே கிடையாது. பிறகு எப்படி முகத்தில் நிற்கும்? கூடவே ஒரு கறுப்புக் கண்ணாடி மணி கிடைத்தது, நூலோடு. அந்த நூல் வாய்த்துளையின் உள்பக்கம் கட்டப்பட்டிருக்கும், மணியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1688இல் ராண்டல் ஹோம் என்பவர், உலகத்தில் உள்ள எல்லாப் பொருளின் பெயரையும் எழுதிவிடுவதென்று கிளம்பியவர், இந்த முகமூடியையும் இதேபோல வாயில் பிடிக்கும் மணியோடு விவரித்திருக்கிறார். சுவரிலிருந்து வந்த பொருளும் அவர் எழுத்தும் கச்சிதமாகப் பொருந்துகின்றன.

போட்டுக்கொண்டதற்குக் காரணம் வெயில். வெளுத்த தோல் என்றால் வயலில் வேலை செய்யாதவள் என்று பொருள், அதைக் காக்கத்தான் குதிரைப் பயணத்தில் முகமூடி. ஆனால் மணியைக் கடித்திருக்கும் வரை பேச முடியாது, வாயைத் திறந்தால் விழுந்துவிடும். முகமே இல்லாத கறுப்பு வட்டம் குதிரைமேல் வருகிறது, கேட்டால் பதிலும் சொல்லாது. ஸ்டப்ஸ்கூட, விவரம் தெரியாதவன் எதிரில் பார்த்தால் பேயென்றே நினைப்பான் என்று எழுதினார்.

பின்னால் இதன் கதி மாறியது. 1663இல் சாமுவேல் பீப்ஸ், நாட்குறிப்பால் பெயர்பெற்ற லண்டன்காரர், நாடக அரங்கில் ஒரு சீமாட்டி முகமூடி போட்டதைப் பார்த்துவிட்டு உடனே போய் மனைவிக்கு ஒன்று வாங்கினார். இன்னும் கொஞ்ச காலத்தில் அரங்கில் முகமூடி என்றாலே விலைமாது என்று பெயராகி, 1704இல் ஆன் அரசி அரங்குகளில் முகமூடியே கூடாதென்று உத்தரவிட்டார்.

உங்கள் பாத்திரம் வரும்போது வசனம் இருந்தால், முதலில் முகமூடியைக் கையில் எடுக்கட்டும், பிறகு பேசட்டும்.

ஆழித்தேர்

பாமண்டர் என்பது வாசனை உருண்டை. பொம் தாம்ப்ர், அம்பர் ஆப்பிள் என்று பிரெஞ்சு. மீனம்பர், கஸ்தூரி, புனுகு இவற்றைப் பிசினோடு பிசைந்து உருட்டி, துளையிட்ட வெள்ளிக் கூட்டுக்குள் வைத்து இடுப்புச் சங்கிலியில் தொங்கவிடுவார்கள். கெட்ட காற்றால் கொள்ளைநோய் வருகிறது என்று நம்பிய காலம், மூக்குக்குப் பக்கத்தில் இது இருந்தால் நோய் அண்டாது என்று நினைத்தார்கள். நம் ஊர் நாட்டுமருந்துக் கடைக்காரரிடம் இந்த மூன்று பெயரையும் சொன்னால் விளக்கம் கேட்கவே மாட்டார்.

1912இல் லண்டன் சீப்சைட் தெருவில் ஒரு பழைய கட்டடத்தை இடித்தபோது நிலவறைத் தரைக்குக் கீழே கிட்டத்தட்ட 500 நகைகள் கிடைத்தன, 17ஆம் நூற்றாண்டுப் பொற்கொல்லர் ஒருவரின் சரக்கு. அதில் வாசனைக் குப்பி இருக்கிறது, கொலம்பிய மரகதத்தைக் குடைந்து உள்ளே கடிகாரம் பொருத்திய பொருள் இருக்கிறது, இலங்கை நீலக்கற்களும் இருக்கின்றன. புதைத்தவர் திரும்ப வந்து எடுக்கவில்லை.

புதுமழை

நானும் கேட்கலாமா? ஆண் பாத்திரங்களுக்கு நீளச் சுருள் முடி விக் வைக்கலாம் என்று எங்கள் குழுவிலும் பேச்சு. பெண்களுக்குப் பூப்போட்ட பருத்தித் துணி, நம்ம ஊர் கலம்காரி மாதிரி. 1600க்கு ஒத்துவருமா?

நூலாம்படை

இரண்டும் வேண்டாம். ஆண்கள் விக் 1660களில்தான் லண்டனில் பரவியது. பீப்ஸ் தன் முடியை வெட்டிவிட்டு விக் வைத்துக்கொண்டது 1663 நவம்பரில். 1665இல் கொள்ளைநோய் வந்தபோது அவர் நாட்குறிப்பில் எழுதுவதைப் பாருங்கள்: நல்ல விக் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார், ஆனால் வாங்கிய இடத்தில் அப்போது நோய் இருந்ததால் போடத் தயங்குகிறார். நோயில் இறந்தவர்கள் தலையிலிருந்து வெட்டிய முடியாக இருக்குமோ என்று பயந்து இனி யாரும் முடி வாங்க மாட்டார்களே, விக் வழக்கம் என்ன ஆகும் என்று யோசிக்கிறார்.

பருத்திக்கும் காலம் பிந்தி. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் கிடைத்ததே 1600 டிசம்பர் 31இல். கம்பெனிக் கப்பல்களில் வரைதுணி லண்டனுக்குக் குவிந்தது அந்த நூற்றாண்டின் பின்பாதியில்தான். அதே பீப்ஸ் 1663இல் மனைவியின் அறைச் சுவரில் கட்ட ஒரு சின்ட்ஸ் வாங்கி, அது என்ன என்று தனக்கே விளக்கமும் எழுதிக்கொள்கிறார், இந்தியாவின் வரைந்த பருத்தித் துணி என்று. சுவரிலிருந்தும் படுக்கையிலிருந்தும் அது மெல்ல உடம்புக்கு வந்தது.

வந்ததும் கலவரம். பிரான்ஸ் 1686இல் தடை செய்து 1759 வரை தடையை நீட்டியது. இங்கிலாந்தில் 1701இல் ஒரு தடை, போதாதென்று 1721இல் இன்னொன்று, 1774 வரை. 1719இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் பருத்தி உடுத்திய பெண்களைத் துரத்திக் கிழித்தார்கள். அவர்கள் வயிற்றுப்பாடும் உண்மைதான், ஆனாலும் அடி வாங்கியது அந்தப் பெண்கள்.

பனங்கூடல்

அந்தத் துணிகளில் பெரும்பங்கு சோழமண்டலக் கரையிலிருந்து போனவை. துவைத்தாலும் போகாத சிவப்புதான் ஐரோப்பாவைக் கிறங்கடித்தது. அவர்களுக்கு அது பிடிபடவே இல்லை. 1734இல் புதுச்சேரிக்கு வந்த பொலியூ என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி சாயக்காரர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டுத் துணியை வெட்டி எடுத்துக்கொண்டு போனார். 1742இல் கேர்து என்ற யேசு சபைப் பாதிரியார் இங்குள்ள கிறிஸ்தவச் சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு முழுச் செய்முறையையும் கடிதமாகப் பிரான்சுக்கு எழுதினார். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பது, துளையிட்ட காகிதத்தில் கரித்தூள் தட்டிப் படம் எடுப்பது, சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தீட்டிச் சாயவேரில் கொதிக்கவைப்பது, நீலம் ஏறக்கூடாத இடத்தை மெழுகால் மூடுவது, எல்லாம் அதில் இருக்கிறது. சாயவேர் என்றால் இம்பூறல், மணல் நிலத்தில் தரையோடு படரும் சின்னச் செடி. சொல்லிக்கொடுத்த சாயக்காரர்களின் பெயர்கள் நமக்கு வரவில்லை, எழுதிக்கொண்டவர்கள் பெயர்தான் வந்திருக்கிறது.

தறிமேடை

குழுவிடம் பேசிவிட்டேன். நாடகத்தின் முதல் காட்சியில் சீமாட்டி உடுத்தி முடிக்கும் வரை இரண்டு பணிப்பெண்கள் மேடையிலேயே ரஃப்பைக் குண்டூசி குத்தி நிறுத்துவார்கள், வசனம் அதற்கிடையில் நடக்கும். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அந்தக் காலத்து நடிகர்கள் ஏழைகள்தானே, மேடையில் பட்டும் வெல்வெட்டும் எங்கிருந்து வந்தது? அவர்களும் போலிதான் போட்டிருப்பார்களோ?

நூலாம்படை

போலி இல்லை, அசல். 1599இல் லண்டன் வந்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ் பயணி எழுதியிருக்கிறார்: பிரபுக்கள் சாகும்போது தங்கள் நல்ல உடைகளை வேலைக்காரர்களுக்கு விட்டுப்போவார்கள், வேலைக்காரர்கள் அதை உடுத்துவது முறையாகாது என்பதால் நடிகர்களுக்குக் குறைந்த விலைக்கு விற்றுவிடுவார்கள். தடைச் சட்டம் பற்றி மேலே பேசினோமே, வேலைக்காரன் தெருவில் போடக்கூடாத வெல்வெட் கோட்டை நடிகன் மேடையில் அரசனாக நின்று போட்டுக்கொண்டான்.

புதிதாகவும் தைத்தார்கள். ரோஸ் அரங்கின் உரிமையாளர் பிலிப் ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகம் அப்படியே கிடைத்திருக்கிறது. 1603இல் ஒரு நாடகத்தின் நாயகிக்குக் கறுப்பு வெல்வெட் கவுன் ஒன்றுக்கு 6 பவுண்டு 13 ஷில்லிங் கொடுத்திருக்கிறார். அந்த நாடகத்தை எழுதிய தாமஸ் ஹேவுட்டுக்குக் கொடுத்தது 6 பவுண்டு. இதை உங்கள் குழுவின் பொருளாளரிடம் காட்டுங்கள், ரஃப்புக்கு லினன் வாங்கப் பணம் கிடைக்கும். கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சுங்கள், துணி முழுக்கக் காயும் முன்பே குச்சியை விடுங்கள். காய்ந்தபின் விட்டால் மடிப்பு நிற்காது.